பீரோ வீட்டோடு சேர்த்தி

தரகருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. அது யாருக்கும் தெரியாது. வாஸ்தவம் என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் "வாஸ்தவத்தச் சொல்லணும்னா" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பின்னால் வருவதில் வாஸ்தவம் எவ்வளவு என்பது, வீட்டை வாங்கிக் குடிபோன பிறகு வாங்கினவர்களுக்கே தெரியவரும். தெரிந்து சண்டைக்கு வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்லுவார். டீ சொல்லுவார். "உங்க நேரம் சார். வாஸ்தவத்தச் சொல்லணும்னா எனக்கே இது புதுசு" என்பார். வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். குடித்த டீக்குப் பிறகு அவ்வளவு சத்தமாகக் கத்த முடிவதில்லை.

எத்தனையோ வீடுகளைக் கைமாற்றிக் கொடுத்தவர். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு வீட்டைச் சொன்னால் போதும். பஸ் திரும்புகிற முனையில் பச்சை கேட் போட்ட வீடு. அதை அவர் மூன்று தடவை விற்றார். நான்காம் தடவை விற்காமலிருக்கப் பாடுபட்டார்.

கட்டியவர் ஒரு மரக்கடைக்காரர். கடைக்கு வந்த நல்ல தேக்கையெல்லாம் விற்க மனசில்லாமல் தன் வீட்டிலேயே இழைத்துவிட்ட ஆள். பின்னறையில் ஒரு பீரோ செய்யச் சொன்னார். தச்சர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தார்கள். சுவர் அகலத்தில் பாதி, மேலே கைக்கு எட்டாத உயரம், கீழ்த்தட்டில் ஒரு குழந்தை உட்காரலாம். செய்து முடித்த பிறகுதான் அது வாசல் வழியாக வெளியே போகாது என்று ஒருவருக்குத் தோன்றியது.

"எங்க போகப்போகுது? நாமளே போகப்போறதில்ல" என்றார் மரக்கடைக்காரர்.

சில வருஷம் கழித்து கூட்டாளி கையை விரித்துவிட்டான். கடை போயிற்று. வீட்டையாவது நல்ல விலைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று தரகருக்கு ஆள் அனுப்பினார். அப்போது தரகருக்கு இளவயது. மனைவி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லாததால், போகிற இடத்துக்கெல்லாம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டே போவார்.

பின்னறைக்குள் போனதும் மூக்கைச் சுளித்தார். பீரோவுக்கு எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கறை. தொட்டால் விரலோடு சுண்ணாம்பு வந்தது.

"என்னண்ணே இது?"

மரக்கடைக்காரர், தரகரின் கையைப் பிடித்து நின்ற மகளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கிணறு. கிணத்த மூடிட்டுத்தான் இந்த ரூமயே எடுத்தேன். இடம் பத்தல. மழை வந்தா அது பழைய ஞாபகத்துல மேல ஏறி வருது."

"படுத்துக்கறீங்களா இங்க?"

"என் அக்கா படுத்தா. போய்ட்டா. நெஞ்சுச் சளி."

தரகர் சுவரைப் பார்த்தார். திரும்பிப் பீரோவைப் பார்த்தார். "பீரோ அந்தப் பக்கம் இருந்தா ரூம் இன்னும் எடுப்பா இருக்கும்ல?" என்றார்.

ஆட்கள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. தரகர் ஒரு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துவரச் சொன்னார். கடப்பாரையால் நெம்பி, ஈரச் சாக்கைக் கால்களுக்கு அடியில் கொடுத்தார். அதன் பிறகு அவரும் மரக்கடைக்காரருமே போதும் என்று ஆகிவிட்டது. தரையில் ஒரு கீறல்கூட விழாமல் பீரோ வழுக்கிக்கொண்டு போய்க் கறையை மறைத்து நின்றது.

"ஆள் வந்தா நான் என்ன சொல்றது?" என்று கேட்டார் மரக்கடைக்காரர்.

"கேட்டா சொல்லுங்க. கேக்காததச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

அப்படித்தான் அது தொடங்கியது. அந்த வீட்டைக் காட்டுவதற்கென்று தரகர் ஒரு முறை வைத்திருந்தார். மழைக்காலத்தில் காட்டுவதேயில்லை. வெயில் பின்னறை ஜன்னலில் விழுகிற முற்பகலில்தான் ஆளைக் கூட்டிவருவார். முந்தின நாளே இரும்புச் சட்டியில் கரி போட்டு அந்த அறையைச் சூடாக்கி வைப்பார். வாசனைச் சோப்பு ஒன்றை உறை பிரித்துப் பீரோவின் உள்தட்டில் வைப்பார். பார்க்க வந்தவர் பீரோவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடிக்கும். கீழ்த்தட்டில் சின்னப்பெண் ஒருத்தி காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். ஆள் பயந்து பின்வாங்குவார். பிறகு சிரிப்பார். சிரித்துவிட்ட மனுஷன் வாங்காமல் போவது கஷ்டம்.

"பீரோ வீட்டோட சேர்த்தி சார். வாஸ்தவத்தச் சொல்லணும்னா, இந்தத் தேக்குக்கே நீங்க தனியாப் பணம் எடுத்து வைக்கணும்."

முதலில் வாங்கியவர் போட்டோ ஸ்டுடியோக்காரர். அவர் சேர்த்து வைத்திருந்த நெகட்டிவ் எல்லாவற்றையும் அந்தப் பீரோவில்தான் அடுக்கினார். இரண்டு மழைக்குள் அத்தனையிலும் பூஞ்சை பூத்துவிட்டது. ஊரில் பாதிப்பேர் கல்யாணம் அதில்தான் இருந்தது. "மாப்பிள்ள பொண்ணெல்லாம் ஒரே பாசியா கிடக்குதுய்யா" என்று தரகரிடம் வந்து கத்தினார். டீ குடித்தார். பிறகு விற்க நினைத்தபோது அவரிடமே வந்தார். தரகர் பின்னறைக்குப் போய்ப் பார்த்தால், ஸ்டுடியோக்காரரே ஈரச் சாக்கு போட்டுப் பீரோவைக் கறைச் சுவரோடு ஒட்டித் தயாராக வைத்திருந்தார்.

அடுத்து டைப்ரைட்டிங் மாஸ்டர். எழுத்துக் கம்பிகளெல்லாம் துருப்பிடித்தன. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்தது. அதற்கு எண்ணெய் போட முடியவில்லை. அந்த அம்மாள் போன பிறகு மாஸ்டர் தரகரிடம் வந்து சத்தம் போடவில்லை. "வித்துக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். டீ வேண்டாம் என்றார். தரகர் அன்றைக்குத் தன் டீயையும் பாதியில் வைத்துவிட்டார். ஆனால் விற்றுக் கொடுத்தார்.

மூன்றாவதாக வாங்கியது ஆஸ்பத்திரி நர்ஸம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் அந்த வீட்டில் போட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த தரகர் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். எந்த வீட்டைப் பார்த்தாலும் பீரோ எந்தச் சுவரில் இருக்கிறது என்றுதான் அவர் கண் போகும். அப்படிப்பட்டவரால் ஒரு வீட்டை எப்படி வாங்க முடியும்? சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கியே மகள் வளர்ந்தாள். மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள். வேன் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளும் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டுதான் இருந்தாள், அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, உனக்குத் தெரியாம ஒரு காரியம் பண்ணிட்டேன். திட்டக்கூடாது."

"என்ன?"

"வீடு பேசிட்டேன். லோன் சரின்னுட்டாங்க. அட்வான்ஸும் குடுத்தாச்சு."

தரகருக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. "எங்கிட்ட சொல்லாம என்ன வீடு? தரகன் பொண்ணு தரகு இல்லாம வீடு வாங்கினாளான்னு ஊர் சிரிக்கும்."

"பச்சை கேட் வீடு. நர்ஸம்மா கேட்ல போர்டு மாட்டியிருந்தாங்க. டெய்லி பஸ்ல பாத்துட்டே போனேன். பீரோவும் தராங்களாம்ப்பா! சேர்த்தியாம்!"

தரகர் எழுந்து நின்றார். திரும்ப உட்கார்ந்தார்.

"அது வேணாம்மா."

"ஏன்?"

"வாஸ்தவத்தச் சொல்லணும்னா..."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "ஆரம்பிச்சுட்டாரு மாமா" என்றார்.

தரகர் எல்லாவற்றையும் சொன்னார். கிணற்றைச் சொன்னார். மரக்கடைக்காரரின் அக்காவை, மாஸ்டர் மனைவியைச் சொன்னார். சொல்லச் சொல்ல மகளின் சிரிப்பு மெல்ல வடிந்து, முகத்தில் வேறொன்று வந்தது. அது பயம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"யாருக்குப்பா முடிச்சு வெச்சிருக்க அந்த வீட்ட?"

"என்னது?"

"வேற பார்ட்டி இருக்கா? யார்கிட்டயாவது வாக்குக் குடுத்துட்டியா?"

"அடிப் பாவி."

"பின்ன என்னப்பா? ஒரு வீட்ட ஒருத்தர்கிட்டருந்து பிரிச்சு இன்னொருத்தருக்குத் தள்ளணும்னா நீ இதத்தான் சொல்லுவ. ஓதம், கிணறு, சாவு. நான் கூடவே இருந்து கேட்டவ. எனக்கேவா காது குத்தற?"

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வேறு வீடுகளைப் பற்றி அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், அவள் கையைப் பிடித்துக்கொண்டே. இந்த வீட்டைப் பற்றித்தான் ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் நர்ஸம்மாவிடம் போனார். நர்ஸம்மா கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சைத் தேடிப் பிடித்தார். அவருக்கு இன்னும் கிழவியாகிவிடும் வயதில்லை.

"தெரியும் தரகரே, உங்க பொண்ணுதான்னு தெரியும். மொதல்ல எனக்கும் தயக்கமாத்தான் இருந்துச்சு."

"அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. வேற ஆள் நானே கூட்டிட்டு வரேன்."

"வேற ஆளா?"

நர்ஸம்மா நாற்காலிக் கையைப் பிடித்து நிமிர்ந்தார்.

"டாக்டர் வறண்ட ஊராப் பாத்துப் போகச் சொல்லிட்டாரு. தம்பி வந்து கூட்டிட்டுப் போறேங்கறான். நான் காத்திருக்க முடியாது. இந்த வீட்ட எனக்கு வித்தீங்களே, அன்னிக்கு நானும் யாரோ ஒருத்தரோட பொண்ணுதான்."

தரகர் கையில் கொண்டுவந்திருந்த குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா சொல்றேன்" என்றார் நர்ஸம்மா. "கேக்காததச் சொல்ல மாட்டேன். நான் சண்டைக்கு வந்தப்ப நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

தரகர் அதைப் பிடித்துக்கொண்டார். கேட்டால் சொல்வதாகச் சொல்லிவிட்டார் அல்லவா? மழை பிடிக்கட்டும் என்று காத்திருந்தார். பத்திரம் பதிவதற்குள் ஒரு நல்ல மழை வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற நேரத்தில், "வா, வீட்டப் பாத்துட்டு வந்துடலாம்" என்று மகளைக் கிளப்பினார்.

"மழைல யாராவது வீடு காட்டுவாங்களா? நீயா இது?" என்றாள் மகள். ஆனால் வந்தாள். மாப்பிள்ளையும் வந்தார், குழந்தையைத் துண்டால் போர்த்தித் தூக்கிக்கொண்டு. நர்ஸம்மா கதவைத் திறந்து ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார்.

பின்னறையில் பீரோ அதே இடத்தில் நின்றது. தரகர் தானே சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து கால்களுக்கு அடியில் திணித்தார். மாப்பிள்ளை முதுகைக் கொடுத்துத் தள்ளினார். பீரோ வழுக்கி விலகியது.

"பாருங்க" என்றார் தரகர், சுவரைப் பார்க்காமலே.

பிறகு அவரும் பார்த்தார். பீரோ மறைத்திருந்த இடம் முழுக்க டைல்ஸ். தரையிலிருந்து பீரோ உயரம்வரைக்கும் வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் நீலக் கோடு. அதில் அவர்கள் எல்லாருடைய முகமும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் மகள். "இதப் போயி பீரோவ வெச்சு மறைச்சிருக்காங்களே."

தரகர் கையை வைத்துப் பார்த்தார். "ஜில்லுன்னு இருக்கு பாரு."

"டைல்ஸ் ஜில்லுன்னுதான் மாமா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அவங்களையே கேளு" என்றார் தரகர். குரல் உயர்ந்துவிட்டது. "நீ உன் வாயால கேளு."

மகள் அப்பாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டே வாசற்படியில் நின்ற நர்ஸம்மாவிடம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தச் செவுத்துல தண்ணி வருமா?"

நர்ஸம்மா குழந்தையைப் பார்த்தார். தரகரைப் பார்த்தார். மூச்சு வருவதற்காகக் கொஞ்சம் நின்றார்.

"டைல்ஸ் போட்டப்புறம் நான் பாத்ததில்லம்மா."

வாஸ்தவம்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தன் கைவேலையைத் தரகர் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்வார். அவர் குனிந்து, நனைந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார்.

பத்திரம் பதிவாயிற்று. குடிவந்த அன்று யாருக்கு எந்த அறை என்று பேச்சு வந்தது. பின்னறையைக் குழந்தைக்கு என்று மகள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். குளிர்ச்சியான அறை, அழகான சுவர், ஒளிந்துகொள்ளப் பீரோ.

"அந்த ரூம் எனக்கு வேணும்" என்றார் தரகர்.

"அப்பா, நீ கூடத்துல ஃபேன் கீழ படுக்கலாம்."

"எனக்கு வேணும்னா வேணும். இத்தன வருஷம் ஊரானுக்கெல்லாம் ரூம் காட்டினேன். எனக்குன்னு ஒண்ணு இருக்கக்கூடாதா?"

மகளுக்கு முகம் தொங்கிவிட்டது. "வீடு வேணாம்னு குதிச்சவருக்கு நல்ல ரூம் மட்டும் வேணுமாம்" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் மாப்பிள்ளையும் முணுமுணுத்திருப்பார்.

தரகர் கட்டிலை டைல்ஸ் சுவரோடு போட்டுக்கொண்டார். எதிரே பீரோ. குழந்தை பீரோவுக்காக ஓடி ஓடி வரும். "உள்ள வராத!" என்று அதட்டுவார். பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளப் பார்க்கும். "போ, உங்கம்மாகிட்ட போ" என்று விரட்டுவார். பிறகு அது வாசற்படியைத் தாண்டாமல் பொம்மையை மட்டும் உள்ளே எறிந்து பார்த்தது. அவர் பொம்மையைத் திரும்ப வெளியே எறிந்தார்.

"தாத்தாக்கு என்னப் பிடிக்காது" என்று அது யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. தரகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மழை வந்தால் சுவரில் ஒன்றும் தெரியாது. டைல்ஸுக்குப் பின்னாலிருந்து மட்டும், யாரோ நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். தரையில் சுவர் சேருகிற இடம் கறுக்கும். மெத்தையின் அடிப்பக்கம் கனக்கும். குளிருகிறது என்று சொல்லிச் சட்டியில் கரி போட்டு வைத்துக்கொண்டார். இருமலை வாயில் துண்டை வைத்து அடக்கினார். பீரோவின் உள்தட்டில் சோப்பு ஒன்றை உறை பிரித்து வைத்தார். அது எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கடன் தலைமேல் உட்கார்ந்திருக்கும்போது இனி மகளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மகள் ஒரு தடவை துணி எடுக்க வந்தவள் பீரோவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். "அதே வாசனைப்பா. நான் சின்னப்ப உக்காந்திருப்பேனே, அதே வாசனை. எத்தன பேர் மாறினாலும் வீட்டு வாசனை மாறல பாரேன்."

"ஆமாம்மா" என்றார் தரகர்.

அடுத்த மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் மகள் டீ டம்ளரோடு உள்ளே வந்தபோது, கட்டிலுக்கு மேலே டைல்ஸ் வயிறு உப்பியதுபோலப் புடைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கழன்று கட்டிலில் விழுந்தது. பிறகு வரிசையாக விழுந்தன. பின்னால் சுவர் கறுப்பாக, பசைபோல இருந்தது. அதிலிருந்து தண்ணீர் மெல்ல வழிந்து கட்டில் காலைத் தொட்டது. தரகர் எழுந்து ஒதுங்கினார். இருமல் வந்தது. இந்தத் தடவை துண்டு கைக்கு எட்டவில்லை.

டம்ளரை ஜன்னலில் வைத்தாள். மெத்தையைத் தூக்கி அடியில் கையை விட்டுப் பார்த்தாள். சட்டியில் இருந்த கரியைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து சோப்பைக் கையில் எடுத்தாள்.

"இதுக்குத்தான் இந்த ரூம் கேட்டியா?"

"காத்தோட்டமா இருக்குமேன்னு கேட்டேன்."

"அப்பா."

"சும்மா இரு. ஒண்ணுமில்ல."

அவள் ஈர மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. சுவரையும் எதிர்ச் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். முதன்முதலாக இந்த அறைக்குள் வந்தபோது அவரே பார்த்த பார்வை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்.

"அவருக்குத் தெரிய வேணாம்ப்பா" என்றாள். "கடன் வாங்கி வீடு வேணாம் வேணாம்னாரு. நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுடுவாரு."

"சரி."

"அவரு வண்டி வர்ற நேரம்." எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உன் கட்டில கூடத்துல போட்டுக்கலாம். மழை நிக்கட்டும். அப்புறம் யாராவது நல்ல பார்ட்டியாப் பாரு. கேட்டா சொல்லிடலாம்ப்பா. கேக்கலன்னா..."

முடியாது என்று சொல்லத் தரகர் ஒரு தடவை வாயைத் திறந்தார். என்ன சொல்ல ஆரம்பித்தாலும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பமாகும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். வாசற்படிக்கு வெளியே குழந்தை நின்று, விழுந்த டைல்ஸ் துண்டுகளை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை என்றதும் ஒரு காலை உள்ளே வைத்தது.

"சாக்கு இருக்கா?" என்றார் தரகர். "நல்லா முக்கிக் கொண்டா. பிழியாத."

மகள் கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டுச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தாள். அவர் நெம்ப, அவள் சாக்கைப் பீரோவின் கால்களுக்கு அடியில் கொடுத்தாள். எங்கே கொடுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்தார்கள்.

பீரோ எப்போதையும்விடக் கொஞ்சம் கனமாக இருப்பதுபோல இருந்தது. ஆனாலும் நகர்ந்தது. சத்தமில்லாமல், தரையில் கீறல் விழாமல், வழிந்துகொண்டிருக்கும் சுவரை நோக்கிப் போயிற்று. பீரோவுக்குள்ளிருந்து குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.